ஒற்றைப் புள்ளி

என் மேசை டிராயரில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. பழைய நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். நடுவில் வளையல் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் பென்சிலால் அழுத்தி வைத்த ஒரே ஒரு புள்ளி. அதைப் போட்டவர் எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸின் டிரைவர். முதன்முதலில் அதைப் பிரித்துப் பார்த்தபோது நான் சிரித்தேன். சத்தமாகக்கூட இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. வகுப்பில் தப்பான விடை சொல்லும் பிள்ளைகளிடம் சிரிப்பேனே, அதே சிரிப்பு.

நான் ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். கோவளத்தைத் தாண்டி நெம்மேலிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருபது வருஷத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு ஒரு வியாதி வந்துவிடும். "தெரியவில்லை" என்ற சொல் வாயில் வராது. என் கணவர் இதை முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார். வழி தெரியாத ஊரிலும் நான் "லெஃப்ட்ல போங்க" என்று சொல்வேன். அவர் பேசாமல் வலதுபக்கம் திருப்புவார்.

எனக்கு ஒரு சின்ன டெலஸ்கோப் உண்டு. முன்னால் உள்ள லென்ஸ் ஒரு டீ சாஸர் அளவுகூட வராது. அதை வைத்துக்கொண்டு நான் பார்ப்பது இரட்டை நட்சத்திரங்களை. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சில நட்சத்திரங்கள் உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். சில ஜோடிகள் தாராளமாகத் தள்ளி நிற்கும், எவரும் பார்க்கலாம். சில மிக நெருக்கம். ஒரு தட்டில் இரண்டு கடுகு ஒட்டிக்கொண்டு கிடப்பது போல இருக்கும். காற்று அசையாமல் இருக்கிற ஒரு நொடியில் இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இருட்டு தெரியும், உடனே மறைந்துவிடும். அந்த மயிரிழைக்காகத்தான் மணிக்கணக்கில் கழுத்து வலிக்க உட்காருவது. நிலாவையும் சனிக்கிரகத்தையும் பார்க்க ஊரே வரிசையில் நிற்கும். இதற்கு யாரும் வரமாட்டார்கள்.

டிரைவர் வந்தார். பள்ளியில் ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வானம் காட்டினேன். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, பஸ்ஸை எடுக்கும் முன், "நானும் ஒரு தபா பாக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். டெலஸ்கோப் மிதுனத்தில் ஒரு நட்சத்திரத்தின் மேல் இருந்தது. அது இரட்டை என்று நான் சொல்லவில்லை. குனிந்தவர் ஒரு தடவை நிமிர்ந்து வெறும் கண்ணால் வானத்தைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். பிறகு, "இன்னா டீச்சர், ரெண்டா கீது? வெளிய ஒண்ணுதானே கீது?" என்றார். அதுவரை முப்பது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவரும் இரண்டு என்று சொல்லவில்லை.

அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான், ஐம்பதை ஒட்டி. கோவளத்துக்காரர், மீனவக் குடும்பம். விடிகாலையில் காலி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஊரப்பாக்கம் வருவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் முதலில் ஏறுவது நான். வண்டலூர், கேளம்பாக்கம் என்று பிள்ளைகள் ஏற ஏறக் கோவளம் வந்து, கடற்கரைச் சாலையில் திரும்பிப் பள்ளிக்கு. முதல் நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை பஸ்ஸில் நாங்கள் இருவர்தான். அந்த நேரம் முழுக்க நட்சத்திரப் பேச்சு ஆகிவிட்டது. சில மாதத்தில் அவரும் என்னுடையதைப் போலவே ஒரு பழைய டெலஸ்கோப்பை எங்கேயோ தேடிப் பிடித்தார். சனிக்கிழமை சாயங்காலங்களில் நானும் கணவரும் அவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போக ஆரம்பித்தோம். கிழக்கே கடல், தெற்கே நெம்மேலியின் குடிநீர் ஆலை விளக்குகளைத் தாண்டி ஓரளவு நல்ல இருட்டு. அவர் மனைவி சுக்குக் காப்பி தருவார். என் கணவர் பாயில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்பார்.

சீட்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். இரட்டை நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. துணை நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், இல்லாவிட்டாலும் அங்கே ஏதோ இருப்பது போலவே தோன்றும். அதனால் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும். ஒரு சீட்டில் வட்டம் போட்டு, தெரிந்ததைப் புள்ளி வைக்க வேண்டும். மடித்து ஒருவர் சீட்டை மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம். என் சீட்டுகள் எல்லாம் அவரிடம், அவர் சீட்டுகள் என்னிடம். இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தபோது, "இதுல ஏமாத்தவே முடியாது" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கண் நல்ல கண். அதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயன் மண்டலம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதன் துணை மங்கல், ரொம்ப நெருக்கம். இரண்டு வருஷமாக நான் முயன்று தோற்றது. அவர் பார்த்த முதல் சாயங்காலமே சீட்டில் இரண்டு புள்ளி வைத்துக் கொடுத்தார். "பெருசு ஆரஞ்சு கலரு. அத்த ஒட்டிகினு நீலமா ஒரு பொட்டு கீது டீச்சர்." புத்தகத்தைத் திறந்தால் பக்கம், நிறம் எல்லாம் அப்படியே. நான் அன்றைக்கு என் சீட்டில் ஒரு புள்ளிதான் வைத்திருந்தேன். "காத்து சரியில்ல, என் பக்கம் கொஞ்சம் ஆடிச்சு" என்றேன். ஒரே மாடியில், இரண்டு முழத் தூரத்தில், அவர் பக்கம் ஆடாத காற்று என் பக்கம் ஆடியதாம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு டிரைவர், பத்தாவது தாண்டாதவர், நான் பாடம் நடத்துகிற ஒரு விஷயத்தில் என்னைவிடக் கூர்மையாக இருக்கிறார். இந்த வரியை எழுதவே எனக்குக் கூசுகிறது. ஆனால் அன்றைக்கு என் மனசில் ஓடியது இதே வரிதான். மாற்றி எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

அந்த ஏப்ரலில்தான் அது நடந்தது. தென்சிலுவைக்கு நேர் மேலே, சென்டாரஸ் மண்டலத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரம். அதுவும் இரட்டை, இரண்டும் சம வெளிச்சம். என்னிடம் இருந்த புத்தகம் ஒரு நூலகம் கழித்துப் போட்டது, அட்டை கிழிந்தது. அதில் இந்த ஜோடியின் இடைவெளி, எங்கள் டெலஸ்கோப்பால் பிரிக்க முடிகிற எல்லையில் சரியாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டால் பெரிய விஷயம். விதிப்படி நான் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமையே திறந்து, துணை எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி என்று மனப்பாடம் செய்துகொண்டேன். இந்தத் தடவை விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வெறி.

சனிக்கிழமை வானம் துடைத்த மாதிரி இருந்தது. காற்றும் அடங்கியிருந்தது. நான் முதலில் பார்த்தேன். ஒரு புள்ளி. காற்று அடங்கினால் எந்த ஒற்றை நட்சத்திரத்தைச் சுற்றியும் டெலஸ்கோப்பில் தெரியும் மெல்லிய ஒளி வளையம். கண்ணை மாற்றினேன். உருவத்தை இன்னும் பெரிதாக்கும் லென்ஸைப் போட்டேன். ஒரே புள்ளி. அசைவே இல்லாத, உருண்டையான, சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு புள்ளி.

சீட்டில் நான் இரண்டு வைத்தேன்.

சும்மா வைக்கவில்லை. குனியாமல் பார்க்க டெலஸ்கோப்பின் கீழ்முனையில் ஒரு சாய்வுக் கண்ணாடி செருகுவோம். அதனால் இடம் வலமாகிவிடும். புத்தகத்தில் உள்ள திசையை அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வேன். ஆகவே நினைவில் இருந்ததை இடவலம் மாற்றி, டெலஸ்கோப்பில் எப்படித் தெரியுமோ அப்படிப் போட்டேன். இரண்டு புள்ளிக்கும் நடுவில் பென்சிலின் கூர்முனை அளவு வெள்ளை விட்டேன். அவ்வளவு கவனமாக என் வாழ்க்கையில் நான் எந்தப் படமும் வரைந்ததில்லை.

அவர் வெகுநேரம் பார்த்தார். சீட்டை மடித்துக் கொடுத்தார். பிரித்தேன், ஒற்றைப் புள்ளி. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது.

என் சீட்டைப் பிரித்தவர் முகம் மாறிவிட்டது. "ரெண்டா தெரிஞ்சிதா டீச்சர்?"

"தெளிவா. நடுவுல இடைவெளிகூடத் தெரியுதே."

"எனுக்கு ஒண்ணாத்தான் கீது."

"என் டெலஸ்கோப்புல பாருங்க."

பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இடவலம் மாற்றிப் பார்த்தால் பக்கமும் இடைவெளியும் என் சீட்டோடு அச்சாகப் பொருந்தின. பொருந்தாமல் எப்படி இருக்கும்? "பழகணும் அண்ணா, கண்ணுக்குப் பயிற்சி வேணும்" என்றேன். என் கணவர் பாயிலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே என் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் பார்த்தார். காலையில் பஸ்ஸில் ஏறினால் முதல் பேச்சே அதுதான். "நேத்தும் ஒண்ணுதான் டீச்சர்." "நேத்து கொஞ்சம் நீட்டமா இருந்தா மாதிரி தெரிஞ்சிது, அப்புறம் இல்ல. மனசு பண்ற வேல." பாருங்கள், மனசு செய்கிற வேலையைக்கூட அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நான் ஆலோசனை சொன்னேன். கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள், மூச்சை அடக்குங்கள், நேராகப் பார்க்காமல் ஓரத்தால் பாருங்கள். ஓய்வறையில் மற்ற ஆசிரியைகளிடம், "நம்ம டிரைவர் அண்ணா ஒரு மாசமா ஒரு நட்சத்திரத்தோட மல்லுக்கட்டுறார், பாவம்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். இந்தப் "பாவம்" இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் சாப்பிடுகிற கை நின்றுவிடும்.

ஜூலையில் ஒரு பிற்பகல் பேய்மழை. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. பிள்ளைகளோடு பஸ் கேளம்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, நான் முன் இருக்கையில். கறுப்புச் சாலை, கறுப்பு வானம், நடுவில் ஒரு எருமை. நானும் கண்ணாடி வழியாக முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. அவர் போட்ட பிரேக்கில் டிபன் பாக்ஸ்கள் உருண்டு முன்னால் வந்தன. ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. எருமைக்கும் ஒன்றுமில்லை, அது வாலை ஆட்டிவிட்டு நடந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல், "கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சிது டீச்சர்" என்றார்.

மறுநாள் லீவு போட்டுச் செங்கல்பட்டுக்குப் போய்க் கண்ணைக் காட்டினார். கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி, மற்றபடி ஒரு குறையும் இல்லை, தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை ஊரப்பாக்கத்தில் பஸ் வந்து நின்றபோது ஸ்டியரிங்கில் வேறு ஒருவர். பள்ளிக்குப் போனால், கேட்டில் காக்கிச் சட்டையோடு இவர் நிற்கிறார். தன் கண்ணில் நம்பிக்கை இல்லை, பிள்ளைகள் ஏறுகிற வண்டி, இனி ஓட்டமாட்டேன் என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். அலுவலகமும் அவரைக் கேட் டியூட்டியில் போட்டுவிட்டது.

"டாக்டர்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே அண்ணா?"

"அவுரு எய்த்து படிக்கச் சொன்னாரு டீச்சர். அது பெருசு, யாரு வேணா படிப்பான். நச்சத்திரம்தான் கரெக்டு. அதே டெலஸ்கோப்பு, அதே காத்து, உங்களுக்குத் தெரியுது, எனுக்குத் தெரில. அப்ப எது ரிப்பேரு? என் கண்ணுதானே." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க நைனாவுக்கும் இப்டித்தான். வலைல சின்னக் கண்ணி மொதல்ல தெரில. யாராண்டயும் சொல்லல. அப்புறம் ஒண்ணுமே தெரில. நான் சொல்லிட்டேன்."

வகுப்புக்கு மணி அடித்தது. நான் உள்ளே போய்விட்டேன். எட்டாம் வகுப்புக்கு அன்றைக்கு ஒளி பிரதிபலிப்பு.

என் பொய் ஒரு மனிதரின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. இருந்தாலும் ஒரு சாக்கு இருந்தது. நட்சத்திரம் உண்மையிலேயே இரட்டைதானே, எனக்கும் அவருக்கும் கண் போதவில்லை, அவ்வளவுதானே என்று. அவருக்கு எப்படியாவது அதைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எத்தனை மடங்கு பெரிதாக்கினால் பிரியும் என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் புதிய அட்டவணையைத் தேடினேன்.

அந்த இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்றிவர எண்பது வருஷத்துக்குச் சற்று மேல் ஆகும். சுற்றும் பாதையும் வட்டம் அல்ல, நீண்ட முட்டை வடிவம். என் புத்தகம் அச்சான காலத்தில் அவை தள்ளி நின்றன. பிறகு நெருங்கிக்கொண்டே வந்து, இப்போது எங்கள் டெலஸ்கோப்பைப் போலப் பல மடங்கு பெரியதற்கும் பிரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நட்சத்திரம் சுற்றும் என்பதைப் பாடமாக நடத்துகிறவள், புத்தகத்தில் மட்டும் அது நின்ற இடத்திலேயே நிற்கும் என்று நம்பியிருக்கிறேன்.

அப்படியானால் அந்தச் சனிக்கிழமை மாடியில் இருந்த மூன்று பேரில், வானத்தில் உள்ளதை உள்ளபடி போட்டவர் ஒருவர்தான். அவர் கண் தோற்கவே இல்லை. அது சரியாகப் பார்த்தது. பழைய புத்தகத்தைவிடச் சரியாகப் பார்த்தது. இதை அவரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: "அந்த நட்சத்திரத்தை இப்போ யாராலயும் ரெண்டா பார்க்க முடியாது அண்ணா." சொன்ன மறு நொடி அவர் என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். "அப்ப நீங்க இன்னா பாத்தீங்க?"

அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆறு வாரம் ஓட்டினேன். தினமும் காலையில் பஸ் கேட்டுக்குள் நுழையும். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பாமல் பையில் எதையோ தேடுவேன். ஒருநாள், "உங்க டெலஸ்கோப்புல லென்ஸ் சரியில்லையோ என்னமோ" என்று ஆரம்பித்தேன். "உங்களுதுலயும்தானே பாத்தேன் டீச்சர்" என்றார். இன்னொரு நாள் எச்.எம்.மிடம் போய், "பழைய டிரைவரையே போடலாமே மேடம், நல்ல ஓட்டம்" என்றேன். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். கண் சரியில்லை என்று டிரைவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். "இதை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா பிள்ளைங்களை ஏத்த முடியும்?" என்று கேட்டார். நியாயம்தான்.

கடைசியில் என் கணவர்தான் என்னை மடக்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அன்னிக்கு எனக்கும் ஒண்ணுதான் தெரிஞ்சுது. நான் அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கு நானும் சேர்ந்துதான் பொறுப்பு. ஆனா சொல்ல வேண்டியது நீ."

சனிக்கிழமை கோவளம் போனேன், டெலஸ்கோப் இல்லாமல். மணி ஐந்துகூட ஆகவில்லை, நல்ல வெயில். அவர் தின்பண்டம் வாங்கிவரக் கிளம்பினார், வேண்டாம் என்று உட்கார வைத்தேன். அட்டவணையைக் காட்டினேன். நட்சத்திரம் நெருங்கிவிட்டதைச் சொன்னேன். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் போட்டதுதான் சரி என்று சொன்னேன். நிமிஷத்துக்கு நிமிஷம் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. மனைவியைக் கூப்பிட்டு, "கேட்டியா, என் கண்ணு நல்லாத்தான் கீதாம்" என்றார். அப்புறம் மெதுவாக மலர்ச்சி நின்றது.

"அப்ப நீங்க இன்னா பாத்தீங்க டீச்சர்?"

"ஒண்ணுதான்."

"ரெண்டு போட்டீங்களே?"

"முதல் நாளே புத்தகத்தப் பார்த்துட்டேன். அதைப் பார்த்துப் போட்டேன். உங்களுக்கு முன்னாடி தோத்துப்போகப் பிடிக்கல."

அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதில் என் சீட்டுகள், நாள் வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு. முதல் சீட்டை எடுத்து என் முன் வைத்தார். "இது பாத்தீங்களா?" "பார்த்தேன்." அடுத்தது. "இது?" "பார்த்தேன்." அடுத்தது. அவர் குரலில் கோபமே இல்லை. பழுதான சாமானைத் தனியாக எடுத்து வைப்பது போலக் கேட்டுக்கொண்டே போனார். ஐந்தாவது சீட்டில் நான் நின்றேன். "இது... பார்க்கல." அதை இடதுபக்கம் வைத்தார். முடித்தபோது இடதுபக்கம் நாலு சீட்டு இருந்தன. சென்டாரஸ் சீட்டையும் சேர்த்துத்தான் நாலு. மற்ற மூன்றைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. அவற்றில் அவரும் இரண்டு புள்ளி போட்டிருந்தார், அவர் பார்த்துப் போட்டது. அவர் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அன்றைக்குக் காப்பி வரவில்லை.

"நான் எழுதிக் குடுத்தேன் டீச்சர்" என்றார் கடைசியில். "என் கண்ணு சரியில்லன்னு என் கையால எழுதிக் குடுத்தேன். அது ஆபீஸ்ல கீது. நீங்களும் எழுதிக் குடுங்க."

அன்று ராத்திரியே எழுதினேன். "ஒரு பழைய புத்தகத்தில் இருந்த பிழையின் காரணமாக ஏற்பட்ட தவறான புரிதலால்" என்று தொடங்கியது. கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டார். கிழித்தேன். இரண்டாவதில், "எனது கவனக்குறைவால்" என்று இருந்தது. அதைப் படிக்கக்கூட இல்லை, திருப்பிக் கொடுத்தார். கவனக்குறைவா? அவ்வளவு கவனமாக இடவலம் மாற்றிப் போட்டவள் நான். மூன்றாவதில் எழுதினேன்: நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன். அதை நம்பி அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அவர் கண் சரி, என் சொல்தான் பொய். கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஒற்றைப் புள்ளிச் சீட்டின் நகலையும் அவரிடமிருந்து வாங்கிவந்த என் இரட்டைப் புள்ளிச் சீட்டின் நகலையும் இணைத்தேன்.

எச்.எம். இரண்டு தடவை படித்தார். "ஒரு நட்சத்திரத்துக்காகவா?" என்று கேட்டார்.  என் வாயில் வராத அந்தச் சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்: "தெரியல மேடம்." விஷயம் ஓய்வறை வரை வந்தது. முன்பு என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் இப்போது நான் நுழைந்தால் பேச்சை மாற்றினார்கள். அது எனக்கு வேண்டும்தான். புதிதாகக் கண் பரிசோதனை, புதிதாகச் சான்றிதழ், தாளாளரின் ஒப்புதல் என்று எல்லாம் முடிந்து பொங்கல் விடுமுறைக்குப் பிறகுதான் அவர் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஐந்தாறு மாதம் வெயிலிலும் மழையிலும் கேட்டில் நின்ற மனிதர். ஊரப்பாக்கத்தில் நான் ஏறியதும், "ஒக்காருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.  இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

ஏப்ரலில் அவரே கூப்பிட்டார். "சனிக்கெழம மாடிக்கு வர்றதுன்னா வாங்க." போனேன். சீட்டுப் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது, ஒரே ஒரு மாற்றம். நான் சீட்டைக் கொடுத்ததும் அவர் உடனே பிரிப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, "நெசமா பாத்தீங்களா டீச்சர்?" என்று கேட்பார். குத்தலாக இல்லை. பஸ் எடுக்கும் முன் கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்பாரே, அந்தக் குரலில். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சூடாகி, காது மடல் எரியும். "பார்த்தேன்" என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் பிரிப்பார்.

போன மே மாதம் ஆயன் மண்டலத்தின் அந்த ஆரஞ்சு நட்சத்திரத்தை மறுபடி பார்த்தோம். அவர் பார்த்துச் சட்டென்று சீட்டை மடித்துவிட்டார். நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். துணை எந்தப் பக்கம், என்ன நிறம் என்று அவர் சீட்டிலேயே பார்த்து எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்தில் ஏதோ நீலமாக மினுக்குவது போலக்கூட ஒரு கணம் இருந்தது. மனசு பண்ணுகிற வேலை. வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து, மடித்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கிக்கொண்டார். கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் சீட்டைப் பிரித்து, புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டின்னைத் திறந்து, நாள் போட்டு, மற்றவற்றோடு சேர்த்து ரப்பர் பேண்டுக்குள் செருகினார். அன்றைக்கு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.